கண்ணாடித் தட்டில் இருந்த ரத்தம்

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, நேமத்தில் இரண்டு ஆட்டுக்குட்டியோடு தொழில் தொடங்கி, இன்றைக்குத் திருவனந்தபுரத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிற லேப்புகளுக்கெல்லாம் ஆட்டு ரத்தம் கொடுக்கிறவன் நான் ஒருவன்தான். ஆட்டைக் கொல்வதில்லை; கழுத்து நரம்பில் ஊசி போட்டு எடுத்து, கண்ணாடி மணிகள் போட்டுக் குலுக்கினால் உறையாது. அதைக் கலந்து ஊற்றிய சிவப்புத் தட்டில்தான் லேப்பில் கிருமி வளர்ப்பார்கள்.

என் மகளுக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் காலை, சேனை வைக்கப் புறப்பட்டேன். வாழ்ந்து காட்டியவன் விரலால் பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். சொந்தத்தில் எந்தப் பிள்ளைக்கும் என் விரல்தான். தொண்டை வலித்தது, பொருட்படுத்தவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வழியில் ஒரு பழைய ஆஸ்பத்திரி லேப்புக்குப் போனேன். ரத்தம் முந்தின நாளே தீர்ந்துவிட்டது என்று அவசரப்படுத்தியிருந்தார்கள்.

யாரும் இல்லை. குப்பியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பினால், வராந்தாவின் கோடி அறை திறந்திருந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“வாயைத் திற.”

யாருக்கும் பணியாத நான், நம்பினால் நம்புங்கள், திறந்தேன். பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் துழாவி, சிவப்பான ஒரு கண்ணாடித் தட்டில் கோடு இழுத்தார்.

“நாளைக்கு வா. அதுவரைக்கும் பெத்தவளையும் பிள்ளையையும் தொடாதே.”

அவரிடம் மகள் பேச்சையே நான் எடுத்திருக்கவில்லை.

மகள் இருந்த வீட்டு வாசலில் கால் நகர மறுத்தது. “ஊருக்கெல்லாம் சேனை வைக்கிறவரு, சொந்தப் பேரனைப் பாக்காம வெளிய நிக்கியளே!” என்று மனைவி ஏசினாள். மானம் போயிற்று. நின்றேன்.

மறுநாள் போனபோது லேப்பில் வேலை பார்க்கிற சஜிதா, கிருமி வளர்க்கிற பெட்டிக்குள் இருந்ததென்று என் பெயர் எழுதிய அந்தத் தட்டை நீட்டினாள். சிவப்பில் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளுத்த வட்டம்.

“கிருமியோட விஷம் ரத்தத்தைக் கரைச்சிருக்கு, மாமா. பெத்த உடம்புக்குள்ள போனா ஜன்னி வரும், ஆளே போயிரும். மருந்து முடிச்சிட்டு மகள்கிட்ட போனா போதும், கேட்டோ. ஆமா, இதை யாரு வெச்சது? நாங்க பிளாஸ்டிக் தட்டுல்லா எடுப்போம்?”

கோடி அறையைக் காட்டினேன். பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. பிரசவ ஜன்னிக்கு மருந்தில்லாத காலத்தில் ஒரு லேடி டாக்டர் அங்கேதான் இந்த விஷத்தை ஆராய்ந்தாராம், சஜிதா சொன்னாள். பெற்றவளைத் தொடுகிறவர்கள் எல்லார் தொண்டையிலும் குச்சி விடுவாராம்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போகிறான்.

ஆனால் நான் வைத்த குப்பியின் முத்திரையை, தட்டைக் காட்டிய அன்றுதான், என் கண்முன்னால் சஜிதா உடைத்தாள். அதற்கு முன் அந்த லேப்பில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இந்த ஊரில் என்னைத் தவிர கொடுக்க ஆளில்லை என்று சொன்னேனே, அப்படியானால் அந்தத் தட்டில் இருந்தது ஆட்டு ரத்தமே இல்லை.

முழங்கையில் ஒட்டியிருந்த அந்தப் பஞ்சு. அதன் நடுவில் சிவப்பு ஈரம் இன்னும் காயாமல் இருந்தது.