கொடிக்காலுக்குள் நடந்த பூட்ஸ்

நம்பாதவர்கள் ஏரல் பக்கம் வந்து என்னிடமே கேட்கலாம். என் பெயர் பேச்சிச்செல்வி. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். கதை கட்டிப் பெயர் வாங்க எனக்கு ஆசையும் இல்லை, நேரமும் இல்லை. இது ராத்திரியில் நடக்கவில்லை. நல்ல உச்சிவெயிலில் நடந்தது.

ஆனால் கொடிக்காலுக்குள் வெயில் ஏது? அகத்தி மரமும் வெற்றிலைக் கொடியும் பின்னிக்கொண்டு உள்ளே எப்போதும் இருட்டுதான். காலடியில் எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் நாங்கள் வெறுங்காலோடுதான் நடப்போம். கொடியில் லட்சுமி இருக்கிறாள், செருப்போடு போனால் கொடி பட்டுப்போகும் என்பது காலங்காலமாக உள்ள கட்டுப்பாடு. வேலி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

போன ஆடியில், தண்ணீர் பாய்ச்சுகிற மாசானம் அண்ணன் மோட்டார் ரூமில் செத்துக் கிடந்தார். உச்சி நேரத்தில் முனி அடித்துவிட்டது என்றார்கள். நான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கருகியிருந்தது. முனி அடித்தால் உள்ளங்கை ஏன் கருக வேண்டும்? கரண்டுதான் என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நின்று அந்தப் பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் அடுத்த ஆளும் போவார். 

அதனால்தான் தூத்துக்குடி போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினேன். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனதும், தோட்டத்து முதலாளி வீரபாகு அண்ணாச்சி வாசலில் குறுக்கே நின்றார்.

“ஏளா, என்ன கோலம் இது? கழட்டி வெளிய வையி.”

“மாசானம் அண்ணன் போனது போதாதா அண்ணாச்சி?”

“கழட்டுனா வேல. இல்லன்னா வீட்டுக்குப் போ.”

வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன். வேலிக் கம்பில் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற புது ஆள் சாயர்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மும்முனைக் கரண்டு வந்ததும் நீயே மோட்டாரைப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பிவிட்டார். மற்றவர்கள் தூக்குச்சட்டியோடு வெளியே சாப்பிடப் போனார்கள். மணி பன்னிரண்டு பத்து. நான் மட்டும் உள்ளே நடந்தேன்.

பாதி தூரம் போயிருப்பேன்.

சளக்... சளக்...

பின்னால் யாரோ சேற்றில் நடந்து வந்தார்கள். வெறுங்கால் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. ரப்பர் சத்தம்.

நின்றேன். அதுவும் நின்றது.

“எவம்ல அது, என் பூட்ஸப் போட்டுட்டு நடக்குறது?”

மறுபடி நடந்தேன். இப்போது சத்தம் பக்கத்து வரிசையில் கேட்டது... கொடிகளுக்கு அந்தப் பக்கம். என்னோடு சேர்ந்து வந்தது. பிறகு என்னை முந்திக்கொண்டு போனது. கொடியை விலக்கிப் பார்த்தேன். ஆள் இல்லை. சேற்றில் பூட்ஸ் தடம் மட்டும். தடங்களில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. காசு போட்டு வாங்கினவள் வெறுங்காலோடு நடக்கிறேன். எவனோ என் பூட்ஸில் உலாத்துகிறான்!

தடம் மோட்டார் ரூமுக்குள் போனது. திரும்பி வந்த தடம் இல்லை.

உள்ளே போனேன். ஒரே வாசல். யாரும் இல்லை. பூட்ஸும் இல்லை.

மயிர் பொசுங்குகிற வாடை அடித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பச்சைப் பட்டனை அமுக்கினேன்.

டக்.

மோட்டார் ஓடவில்லை. மறுபடியும் அமுக்கினேன்.

டக்.

பின்னால்... மிகப் பக்கத்தில்... யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

திரும்பினேன்.

வாசல்படியில் என் பூட்ஸ். இரண்டும். முனை என்னைப் பார்த்து.

நான் வந்தபோது அங்கே இல்லை.

அதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும்.

“யாரா இருந்தாலும் சரி, இது என் பூட்ஸு!” கத்திக்கொண்டே காலை உள்ளே விட்டேன்.

உள்ளே சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றின மாதிரி...

விரலில் ஏதோ இடித்தது. கவிழ்த்துக் கொட்டினேன். கரண்டு போர்டில் சொருகுகிற பீங்கான் பீஸ் கட்டைகள். நிமிர்ந்து பார்த்தேன். போர்டில் ஒன்றுகூட இல்லை. மோட்டார் ஓடாதது அதனால்தான்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு கொடிக்கால் நடுவிலேயே நடந்து வெளியே வந்தேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் கழற்றவில்லை.

சாயங்காலம் எலக்ட்ரீசியன் ஜெயகணேஷ் வந்தான். கட்டைகளைச் சொருகிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டி மேல் டெஸ்டரை வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

“யக்கா, பெட்டி பூராக் கரண்டு. பீஸு இருந்து நீங்க தொட்டிருந்தா...” கையில் மிஞ்சிய ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “போர்டுக்கு மூணுதான. இந்த நாலாவது எங்கன உள்ளது?”

ஓரம் உடைந்த பழைய கட்டை. பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. அதை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. நான்தான் போக விடவில்லை. எர்த் கம்பி போட வேண்டும், கரண்டு கசிந்தால் தானாக நிற்கிற சுவிட்ச் மாட்ட வேண்டும், எல்லோர் காலுக்கும் பூட்ஸ் வேண்டும் என்று வேலி வாசலில் உட்கார்ந்தோம்.

“லட்சுமி வெளிய போயிருவா, ஏளா!” என்றார் அண்ணாச்சி.

“போனா திரும்பி வருவா. மாசானம் அண்ணன் வருவாரா?”

கிள்ளாத வெற்றிலை முற்றத் தொடங்கியதும் அண்ணாச்சி இறங்கி வந்தார். கேட்டதெல்லாம் நடந்தது. இன்றைக்கு எல்லோரும் பூட்ஸோடுதான் உள்ளே போகிறோம். கொடி ஒன்றும் பட்டுப்போகவில்லை.

அப்புறம் ஒருநாள், அந்த நாலாவது கட்டையை எடுத்துக்கொண்டு மாசானம் அண்ணன் மனைவி சந்தனமாரி மைனியிடம் போனேன். பார்த்ததும் மைனியின் முகம் வெளுத்தது.

“என் சேலத் துணியில்லா இது... மோட்டார்ல கை வைக்கும்போதெல்லாம் ஒரு கட்டைய உருவி மடியில சொருகிக்கிடுவாரு. வேற யாரும் தெரியாம சுவிட்சப் போட்டுறக் கூடாதுன்னு. செத்த அன்னைக்கும் மடியிலதான் இருந்துச்சு. பெறகுதான் அண்ணாச்சி போர்டுக்குப் புதுசு வாங்கிப் போட்டாரு.”

“ஒண்ண மட்டும் உருவுனா மத்த ரெண்டுல கரண்டு வருமே மைனி.”

“அது அவருக்கு அப்பத் தெரியல.”

மைனி அதைத் தொடவே இல்லை. துணி மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்தது. எங்கள் கொடிக்கால் மண் கறுப்பு. இது ஊருக்கு வெளியே உள்ள தேரிக் காட்டின் செக்கச் சிவந்த மணல்.

“இத யாருகிட்ட குடுத்தீய மைனி?”

“யாருகிட்டயும் குடுக்கல. தூக்குறதுக்கு முன்னால நாந்தான் அவரு மடியிலயே திருப்பிச் சொருகுனேன். அதோடதான் தேரியில பொதச்சாவ.”