பெருமாள்சாமி தன் நெஞ்சைக் காப்பாற்றிய கதை

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பெருமாள்சாமிக்குச் சாவு என்றால் பயம். யாருக்குத்தான் பயமில்லை என்று கேட்கலாம். ஆனால் இவன் பயம் மூலையில் முடங்கிக் கிடக்கும் பயம் இல்லை, கை நீட்டும் பயம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இவனை இங்கே கூட்டி வந்து தொழில் பழக்கிய அண்ணன் சோணைமுத்து, துணி விரித்திருந்த மேசை மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தம்பியின் மடியில் உயிர் போய்விட்டது. வண்டியை மெதுவாக ஓட்டினான் என்று ஆட்டோக்காரனின் மூக்கை உடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெருமாள்சாமி அழுதான்.

அடுத்தது தன் முறை என்று அவன் உறுதியாக நம்பினான். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். வரிசையில் அவனுக்குப் பின்னால் அவன் மனைவி அனுசுயாவும் வந்து நின்றாள். அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறவள். கொஞ்ச நாளாகப் பின்மண்டை வலிக்கிறது, கால் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைக்கு எங்கிட்டுடி மாரடைப்பு வருது? எங்க வம்சத்துக்குத்தான அந்தச் சாபம். போயி மிஷின்ல உக்காரு" என்றான். அவள் போய்விட்டாள். போகாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவனைச் சோதித்தவர் மைதிலி டாக்டர். ரத்தக் கொதிப்பு, கொழுப்பு இரண்டும் ஏறிக் கிடந்தன. பக்கத்திலேயே சித்த மருத்துவர் பிரபாகர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கலந்து பேசித்தான் சொன்னார்கள்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க. கூடவே சாப்பாட்டையும் மாத்தோணும். உப்பு, எண்ணெய் கொறைங்க. கம்பு, கொள்ளு, கீரை சேத்திக்குங்க. சிகரெட் கூடவே கூடாதுங்க. தெனம் நடங்க, மூச்சுப் பயிற்சி பண்ணுங்க, நல்லாத் தூங்குங்க. இதுல ஒண்ணு பண்றதால இன்னொன்னை விட்டுரலாம்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார் மைதிலி. எழுந்திருக்கும்போது, "கோபத்தையும் கொறைச்சுக்குங்க, அதுவும் நெஞ்சுக்கு ஆகாதுங்க" என்றும் சொன்னார்.

கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பெருமாள்சாமி சிரமேற்கொண்டான். அந்த ஒன்றைக் கேட்டிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

சிகரெட்டை ஒரே நாளில் விட்டான். அந்த வாரம் வீட்டில் கண்ணாடி உடைந்தது, டிவி உடைந்தது, அனுசுயாவின் முன்பல் ஒன்று ஆடியது. இந்த ஊரில் டீ டைம் என்றால் மிஷின்கள் நின்று சனமெல்லாம் தெருவுக்கு வந்துவிடும். போண்டாவும் பஜ்ஜியும் சட்டியிலிருந்து எடுக்க எடுக்கக் காலியாகும். அப்படி ஒரு டீ டைமில் அவன் கீழே வேலை பார்க்கும் அருண்பாண்டி, "இந்தாங்க மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு" என்று போண்டாவை நீட்டினான். "என்னையக் கொல்லப் பாக்குறியாடா?" என்று விட்ட குத்தில் அருண்பாண்டியின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. அதற்குப் பிறகு பெருமாள்சாமி பக்கத்தில் யாரும் டீ குடிப்பதில்லை. தன் கட்டுப்பாட்டைப் பார்த்து மரியாதை தருகிறார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

விடியற்காலையில் பல்லடம் ரோட்டில் விறுவிறு என்று நடப்பான். வந்து கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவான். அப்போது பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் போதும், பாதி மூச்சில் எழுந்து போய் அறைந்துவிட்டு வந்து மீதி மூச்சை விடுவான். சிரிப்பு வருகிறதா? அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் ஜனனி, அப்பா எழுந்துவிட்டார் என்றால் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பாள்.

அனுசுயாவுக்கு வேலை இரட்டிப்பானது. அவனுக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு, மகளுக்கு உப்புப் போட்டு ஒரு குழம்பு. அவனுக்குக் கம்பங்கூழ், கொள்ளு ரசம், கீரை. அவன் தொடாத வடகம், ஊறுகாய், மீந்த பழைய சோறு எல்லாம் இவள் வயிற்றுக்கு. பகல் முழுக்க மிஷின், பெரும்பாலான நாளில் ஒன்றரை ஷிப்ட். தூக்கம் என்பது சுவரில் தலை சாய்வதோடு சரி. அவள் கையில் யாரும் ஒருநாள்கூட ரத்தக் கொதிப்புப் பட்டையைச் சுற்றிப் பார்க்கவில்லை. அவன் கொழுப்பும் கொதிப்பும் இறங்கின. டாக்டர் பாராட்டினார். அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். எனக்கு அந்த நடையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று காலை எழுந்ததிலிருந்தே அனுசுயாவுக்குத் தலை சுற்றியது. அந்தக் கிறக்கத்தில் குழம்புச் சட்டி மாறிவிட்டது. ஒரு வாய் வைத்ததும் பெருமாள்சாமிக்கு உப்புத் தெரிந்தது. சட்டியோடு தூக்கி அடுப்பங்கரைச் சுவரில் எறிந்தான்.

"எங்கண்ணன் போன எடத்துக்கு என்னையும் அனுப்பப் பாக்குறியாடி?"

"இல்லங்க, சட்டி மாறிப் போச்சுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இடது தாடையில் அறை விழுந்தது. விழுந்தவளின் தோளில் ஒரு உதையும் விட்டுவிட்டு மாத்திரையை விழுங்கிக் கிளம்பினான்.

கம்பெனியில் அனுசுயா இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டே துணியைத் தள்ளினாள். வலி தாடையிலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் இறங்கியது. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. பக்கத்து மிஷின்காரி என்னவென்று கேட்டதற்குப் பல்வலி என்றாள். அடி வாங்கிய இடம் வலிப்பதில் என்ன அதிசயம் என்றுதான் அனுசுயா நினைத்திருந்தாள். புருஷன் அடித்தான் என்று சொல்ல வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியவன் அடுத்த ஹாலில் துணி வெட்டிக்கொண்டிருந்தான்.

டீ டைமில் எல்லாரும் வெளியே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பெருமாள்சாமி பார்த்தான். பத்துப் பேர் முன்னால் தன்னை அசிங்கப்படுத்துகிறாள் என்று தோன்றியது. குனிந்து காதருகே, "நாடகம் போடுறியா? கையை எடு. இல்லேன்னா இன்னொரு பக்கமும் வீங்கும்" என்றான். அவள் கையை எடுத்துவிட்டாள். மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அவள் மிஷின் மேலேயே கவிழ்ந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. விரலுக்குள் ஊசி இறங்கியது, அவள் கத்தவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இதயத் தசையில் பெரும்பகுதி அதற்குள் செத்துப்போயிருந்தது. அங்கிருந்த இதய டாக்டர் வெளியே வந்து பெருமாள்சாமியிடம் கேட்டார்.

"தாடை வலி எப்ப ஆரம்பிச்சதுங்க?"

"காலைல சார்."

"காலைலயே ஏனுங்க கூட்டிட்டு வரல? பொம்பளைங்களுக்கு நெறையப் பேருக்கு நெஞ்சுல வலிக்காம தாடையிலயும் முதுகுலயும்தான் வலிக்கும். அப்பவே வந்திருந்தா இவ்வளவு சேதம் ஆகியிருக்காதுங்க."

கல்லூரியிலிருந்து ஓடி வந்திருந்த ஜனனிதான் பதில் சொன்னாள். "காலைல அப்பா அம்மாவத் தாடையில அடிச்சாரு சார். அம்மா அந்த வலின்னே நெனச்சிருச்சு." டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அவனை உள்ளே விட்டார்கள். அனுசுயா கண் திறந்திருந்தாள். கன்னத்தில் அவன் விரல்கள் பதிந்த தடம் நீலம் பாய்ந்து கிடந்தது. இவள் போய்விடக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டான். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினான்.

அவள் கண்ணை இறுக மூடி முகத்தைத் தலையணைக்குள் புதைத்தாள். தலைமாட்டு இயந்திரத்தில் இதயத் துடிப்பின் எண் சரசரவென்று ஏறியது. அலாரம் அடித்தது. நர்ஸ் கீர்த்தனா ஓடி வந்தாள்.

"ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

"நா தொடக்கூட இல்லம்மா."

"வெளிய போங்க மொதல்ல."

அவன் வெளியே வந்து கண்ணாடி வழியே பார்த்தான். எண் மெல்ல மெல்ல இறங்கியது. மனசு கேட்காமல் மறுபடி கதவைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தான். உடனே ஏறியது.

கீர்த்தனா அவன் முன்னால் வந்து நின்றாள். "அந்தக்கா பொழைக்கோணும்னா இனி நீங்க உள்ள வரப்படாதுங்க. புள்ளைய வரச் சொல்லுங்க" என்றாள்.

ஜனனி அவனைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பெருமாள்சாமி வெளியே நின்றான். அவன் நெஞ்சு ஒரு குறையும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.