காப்புக் கையோடு போன கூட்டம்

வேனை நிறுத்தியதும் கிளைச் செயலாளர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேலையில் இது வழக்கம்தான். தலைவர் பேசி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல கட்சிக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன், எல்லாரும் அப்படித்தான். ஆனால் அன்று சாவியைக் கொடுக்கும்போது மனசுக்குச் சரியாகப் படவில்லை. என் வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள் அத்தனை பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் வைத்துக் கட்டிய காப்புக் கயிறு இருந்தது. சாவியை வாங்கிய கையிலும் இருந்தது.

அப்போது நான் ஒத்தக்கடைக்கு அப்பால், மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திராவில் போர்வெல் வண்டி, பாலக்காட்டில் புரோட்டாக் கல் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு ஊரில் முகம் பழகியதும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிற ஆள். சாமி உண்டா இல்லையா என்று நான் யோசித்ததில்லை. விடிந்தால் வேலை உண்டா என்பதுதான் யோசனை. அந்தக் கிராமத்தில் வேன் ஓட்டக் கிடைத்தது, தங்கினேன்.

அந்த வாரம் ஊரில் அம்மன் கோயில் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். எனக்குக் காப்பு இல்லை. வந்து தங்கியவனுக்கு எதற்கு என்று பூசாரி விட்டுவிட்டார். அன்றைக்கு மாலை அக்கினிச்சட்டி. நேர்ந்துகொண்டவர்கள் ஊருணியில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வரிசையில் நிற்க வேண்டும். பூசாரி ஒவ்வொரு சட்டியாக நெருப்பு வளர்த்துக் கையில் கொடுப்பார். ஆள் நிற்காவிட்டால் அந்தச் சட்டியைக் கவிழ்த்துவிடுவார். பிறகு அடுத்த வருஷம்தான்.

என் வேனில் வந்த ஒரு அக்காவுக்கு அன்று சட்டி இருந்தது. ஐம்பது வயதிருக்கும். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் பாத்திரம் தேய்க்கிற வேலை. புருஷன் இல்லை, ஒரே மகன். பஸ் நிறுத்தத்தில் கொடிக்கம்பம் நடுகிற தகராறில் அவன் எதிர்க்கட்சிக்காரன் ஒருவனை அடித்துவிட்டு உள்ளே போனான். அவனைத் தூண்டிவிட்டது கிளைச் செயலாளர் என்று ஊரில் பேச்சு. வக்கீல் வைத்து ஜாமீன் வாங்கிக் கொடுத்ததும் அவரேதான். மகன் வெளியே வந்தால் சட்டி எடுக்கிறேன் என்று அக்கா நேர்ந்திருந்தார். அவன் வந்துவிட்டான். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொரு வம்பில் பெயர் வந்தால் ஜாமீன் போய்விடும்.

ஆக, அந்த அக்கா அம்மனுக்கும் கடமைப்பட்டிருந்தார், செயலாளருக்கும் கடமைப்பட்டிருந்தார். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்தது. செயலாளர் அவருக்குக் கொழுந்தன் முறை. காலையில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று அவர் கூப்பிட்டதை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"மதினி, வண்டி நெறையலைன்னா எனக்குத்தான் அசிங்கம். மூணு மணிக்குத் தலைவர் பேசிருவாரு. நாலுக்குக் கெளம்பிரலாம். நானும் காப்புக் கட்டிருக்கேன்ல, எனக்கு இல்லாத பயமா?"

அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மகன் அப்போது கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போயிருந்தான்.

கூட்டம் திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டில், வேலி முள்ளை வெட்டிச் சமப்படுத்திய ஒரு பொட்டலில். நிழல் என்றால் வண்டிகளின் நிழல்தான். எங்கள் வேனுக்கு முன்னால் பஸ்கள், பின்னால் பஸ்கள். ஆளுக்கொரு தொப்பியும் தக்காளிச் சோற்றுப் பொட்டலமும் தந்தார்கள். அக்கா விரதம். பொட்டலத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வேன் படியில் உட்கார்ந்துகொண்டார். மேடையில் பாட்டு முடிந்து ஆட்டம், ஆட்டம் முடிந்து மறுபடியும் பாட்டு. "இதோ தலைவர் வந்துகொண்டிருக்கிறார்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதல் இரண்டு தடவை பெண்கள் எழுந்து பார்த்தார்கள். அப்புறம் யாரும் எழவில்லை.

"எங்கதான் வாராரு, நடந்தா வாராரு?" என்றாள் ஒருத்தி.

"நீ வேற. ஊருக்குள்ள செலைக்கு மாலை போட்டுக்கிட்டு இருக்காராம். எல்லாச் செலைக்கும் போட்டு முடிக்கணும்ல" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பஸ் நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெயில் மஞ்சளாக மாறத் தொடங்கியபோது என் போன் அடித்தது. அக்காவின் மகன்.

"அண்ணே, எங்கம்மாவக் கூட்டிட்டுப் போனீகளா?"

"ஆமாப்பா. இங்கதான் இருக்காக."

"போன அவக கிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவன் கத்துவது எனக்கும் கேட்டது. அக்கா, "வந்துருவேன்யா, வந்துருவேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு முகம் மாறிவிட்டது. "அங்கயே இரு. வராத. நான் சொல்றேன்ல, வராத" என்றார். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அக்கா போனை என் கையில் தந்தார். "கெளம்பிட்டான் தம்பி. இங்க வந்து எங்கொழுந்தன வெட்டாம விடமாட்டேங்குறான்."

நான் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

சட்டி போனால் ஒரு வருஷம். மகன் இந்தப் பொட்டலுக்குள் நுழைந்து நாலு பேர் முன்னால் கையை ஓங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அவ்வளவு போலீஸ் நின்றது அங்கே.

மேடைக்குப் பக்கத்தில் செயலாளரைத் தேடிப் பிடித்தோம். வேர்த்துப் போயிருந்தார். மாவட்டத்திலிருந்து ஒருவர் வண்டி வண்டியாகப் பார்த்து எந்தக் கிளை எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வருகிறாராம். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. இவர் கவுன்சிலர் சீட் கேட்டு வைத்திருந்தார்.

"அண்ணே, சாவியக் குடுங்க. இவகள எறக்கி விட்டுட்டு வந்துர்றேன்" என்றேன்.

"முன்னாடியும் பின்னாடியும் பஸ்ஸு. எப்படிடா எடுப்ப?"

"பின்னாடி பஸ்ஸுக்காரர்கிட்டப் பேசிட்டேன். நகட்டித் தாரேங்குறாரு."

"அந்தாளு இன்னும் நம்ம வண்டிப் பக்கம் வரல. அவரு வரும்போது வண்டி இல்லைன்னா நான் எதுக்கு இங்க நிக்கிறேன்? மதினி, இன்னும் பத்து நிமிசம்."

அக்கா அவரையே பார்த்தார். "என் மகன் வாரான்" என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் இவர் பயந்து போலீஸிடம் போய்விடுவார் என்று நினைத்திருக்கலாம். மெதுவாகத் தன் காப்புக் கயிற்றின் முடிச்சில் விரலை வைத்தார்.

"அவுத்து ஒங்கையிலயே கட்டிவிடுறேன் கொழுந்தனாரே. ஒங்கிட்டத்தான் நேரம் இருக்கு. நீயே போயி ஆத்தாகிட்டச் சொல்லிட்டு, அடுத்த வருசம் நீயே சட்டி எடு."

செயலாளர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேடையையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆள் மேல் எனக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது, இவரும் எங்கேயும் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்தான் என்று தோன்றியது. சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தார். வேன் சாவி இல்லை, காலையில் வேனுக்கு முன்னால் அவர் ஓட்டிவந்த பைக்கின் சாவி.

"வேன் இங்க நிக்கட்டும். என் வண்டியில மதினிய விட்டுட்டு நீ ஒடனே வந்துரு. அம்புட்டுப் பொம்பளைகளையும் திரும்பக் கொண்டுபோகணும்."

ரிங் ரோடு முழுவதும் கட்சி வண்டிகள் நின்றதால் ஊருக்குள் புகுந்து போவது என்று முடிவு செய்தேன். மகனும் அதனால் அந்த வழியாகத்தான் வருவான். செயலாளரின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். முன்னால் கட்சிக்கொடி கட்டியிருந்தது. வாசலிலேயே நாலு பேர் மறித்தார்கள்.

"என்னண்ணே, தலைவர் வாராரு, நீங்க அந்தப் பக்கம் போறீக?"

"வயித்து வலி. ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அக்கா பின்னாலிருந்து, "அந்தக் கொடிய எடுத்துரு தம்பி. வழி பூரா கேப்பாய்ங்க" என்றார். கொடியைச் சுருட்டி பெட்ரோல் டேங்க் மேலிருந்த பையில் வைத்தேன்.

திருப்பரங்குன்றம் தாண்டும் வரை எதிரே வருகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். சாமி பெயர் எதையும் சொல்லிக் கேட்கவில்லை. "நீலச் சட்டை, நீலச் சட்டை" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் அவன் போட்டிருந்த சட்டை.

பசுமலையில் போலீஸ் கயிறு கட்டி இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டது. தலைவர் வருகிறார். எந்த வண்டியும் அசையக் கூடாது. நாங்கள் ரோட்டு நடுச்சுவரை ஒட்டி முன்வரிசையில் நின்றோம். எதிர்ப்பக்கம் ஓரமாகக் கூட்டமும் வண்டிகளும். அந்தக் கூட்டத்தில் அவன் நின்றான்.

நாங்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் எங்களைப் பார்த்துவிட்டான். சரியாகச் சொன்னால், பைக்கைப் பார்த்தான். செயலாளரின் பைக், செயலாளரின் ஹெல்மெட். அக்கா என் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தார். அவன் தன் வண்டியைப் படக்கென்று ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டி ரோட்டில் இறங்கினான். கையில் எதுவும் இல்லை, ஆனால் அவன் வந்த வேகத்தில் எதுவும் தேவைப்பட்டிருக்காது. தூரத்தில் சைரன் கேட்டது. ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவன் திமிறினான்.

நான் ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றேன். வார் மாட்டிக்கொண்டது. அக்கா இறங்கி நடுச்சுவர் மேல் ஏறிவிட்டார். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. காப்புக் கட்டிய கையை உயரத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

அவன் பார்த்தான். திமிறிய உடம்பு தளர்ந்தது. போலீஸ்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டு, சட்டையை விடாமலே அவனைப் பின்னால் இழுத்துப்போய்க் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். உடனே வண்டிகள் வந்துவிட்டன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். திறந்த வேனில் தலைவர் நின்றுகொண்டு வந்தார். சுவர் மேல் கையைத் தூக்கி நிற்கிற பெண்ணைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். நாள் முழுக்க நாங்கள் காத்திருந்த ஆள் அவர். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. வண்டிகளுக்கு இடையே நீலச் சட்டை தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வண்டி போனதும் கயிற்றை அவிழ்த்தார்கள். அவன் அங்கேயே நின்றான். போலீஸ்காரர் அவன் முதுகில் ஒரு அடி கொடுத்து, "போடா, அம்மாவக் கூட்டிட்டுப் போ" என்றார். பெயர் கேட்கவில்லை. அது போதும்.

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்து, "அவன் எங்கண்ணே?" என்றான்.

அக்கா அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "பொழுது இருக்கு. ஓட்டு" என்றார்.

சூரியன் அடிவானத்துக்குக் கிட்ட இறங்கியிருந்தது. ஒத்தக்கடை வரை ஊரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேருவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. போகிற வழியில் அவன் மனசு மாறி வண்டியைத் திருப்பிவிடுவானா என்பதும் தெரியவில்லை.

நான் பொட்டலுக்குத் திரும்பினேன். வாசலுக்கு முன்னால் கொடியை மறுபடியும் கட்டினேன், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். தலைவர் பேசிக்கொண்டிருந்தார். வேனைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். செயலாளர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"விட்டாச்சா?"

"பசுமலையில மகன்கிட்ட ஏத்தி விட்டேன். அவன் இங்கதான் வந்துக்கிட்டு இருந்தான்."

"இங்க எதுக்கு?"

நான் பைக் சாவியை அவரிடம் நீட்டினேன். அதை வாங்கும்போதே அவருக்குப் புரிந்தது. வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். மாவட்டத்துக்காரர் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். தலைவர் வந்ததும் அந்த ஆளும் மேடைக்கு ஓடிவிட்டார், இந்தப் பக்கம் வரவே இல்லை என்று ஒரு பெண் சொன்னாள்.

எங்கள் ஊர் எல்லைக் கல்லுக்கு வரும்போது நன்றாக இருட்டியிருந்தது. விளக்கு வைத்த பிறகு வந்ததால் பெண்கள் வேனில் ஊருக்குள் போக மாட்டோம் என்று அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். செயலாளரும் பைக்கை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். ஊருணியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் காப்புக் கட்டாதவன், இருந்தாலும் அவர்களோடு நடந்தேன். ஊருணியைச் சுற்றித்தான் சட்டி வரிசை போய்க்கொண்டிருந்தது. வழியில் குறுக்கே போகக் கூடாது. கடக்கும் வரை நின்றோம்.

செயலாளர் எனக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு சட்டியாகப் போனது. நெருப்புக்கு மேலே இருக்கிற முகம் கிட்ட வரும் வரை யார் என்று தெரியாது. ஒன்று கடக்கும்போதெல்லாம் அவர் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஏழாவதோ எட்டாவதோ, அந்த அக்கா வந்தார். ஈரச் சேலை, கையில் சட்டி. யாரையும் பார்க்கவில்லை. செயலாளர் கைகூப்பினார். சட்டிக்கா, மதினிக்கா என்று சொல்ல முடியாது.

அக்காவை ஒட்டி மகன் வந்தான். நீலச் சட்டை இல்லை, வெறும் மேலுடம்பு. அவன் எங்களைப் பார்த்தான், செயலாளரைப் பார்த்தான். நடை கொஞ்சம் நின்றது. நான் அவன் கைகளைத்தான் பார்த்தேன். ஒரு கையில் வேப்பிலைக் கொத்து, இன்னொரு கையில் எண்ணெய்த் தூக்குவாளி. அக்காவின் சட்டியில் நெருப்பு தணிந்திருந்தது. "ஊத்துய்யா" என்றார் அக்கா, திரும்பாமல். அவன் குனிந்து எண்ணெயை ஊற்றினான். நெருப்பு எழுந்தது. அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.