செலீன் டீச்சரும் தண்ணீர் வராத அறையும்

செலீன் டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மலைப்பாதையில் மண் சரிந்து சேலம் பஸ் நின்றுபோயிருந்த வாரம் அது. மலையிறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியும் அடைபட்டிருந்தது. “நம்ம செலீன் டீச்சர் காலையில தவறிட்டாங்களாமுங்க. மூச்சு முட்டுதுன்னாங்களாம்,” என்றார். செலீன் டயாலிசிஸுக்குச் சேலம் போக வேண்டிய முறை தவறியிருந்தது. அவர் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் அதே டயாலிசிஸ் இயந்திரம் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றுகொண்டிருந்தது. அந்த மருத்துவமனையின் பெயரை எழுதி அதற்குப் பெருமை சேர்க்க நான் விரும்பவில்லை.

கான்வென்ட் பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஆங்கிலம், அவர் கணக்கு. உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்; சிவப்பு மையை மறந்திருக்க மாட்டீர்கள். மக்களின் உடல்நலத்துக்கு இந்த ஆண்டு இவ்வளவு கோடி என்று செய்தித்தாளில் வந்ததை ஒருநாள் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “வழியெல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்கக்கா. விடையத்தான் காணோம்,” என்றார்.

ஒருமுறை அவருடன் சேலம் போய்வந்தேன். அங்கே சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை, நர்ஸுகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். உண்மையை மறைக்க எனக்குக் கற்பிக்கப்படவில்லை. ஆனால் சுத்தம் செய்து அனுப்பிய அந்த உடம்பு கொண்டை ஊசி வளைவுகளில் பட்ட பாட்டையும் நான்தான் பார்த்தேன். கண்டக்டர் முன்சீட்டில் இருந்தவரிடம், “டீச்சருக்கு எடம் உடு சாமி, நொம்ப சோர்ந்து வராங்க,” என்றார். செலீன் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டார். மலை ஏறி முடிக்கும்வரை அதைக் கீழே இறக்கவில்லை.

இங்கே இயந்திரம் வந்தபோது ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். டயாலிசிஸுக்கு நிறையச் சுத்தமான தண்ணீர் வேண்டும். அந்த மருத்துவமனைக்கோ லாரித் தண்ணீர். கை கழுவவே போதாத இடத்துக்கு இயந்திரத்தை வாங்கி அனுப்பியவர்கள் குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கியது கணக்கில் ஏறிவிட்டது, அத்தோடு அவர்கள் கடமை முடிந்தது.

ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றுவார்கள். இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் உண்டு. போன வருடம் செலீனையும் அழைத்துப் பொரியும் பழமும் கொடுத்தார்கள். “ஏனுங்க, பொட்டெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. தண்ணி எப்பங்க வரும்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே போய் அதையே கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அடக்கத்துக்கு ஓர் அதிகாரியும் வந்திருந்தார். அரசு செய்யும் செலவைப் பற்றிக் கல்லறையருகே நின்று பேசினார். அந்த அறைக்கு டீச்சரின் பெயரை வைக்கலாம் என்றார். “தண்ணீர் வரட்டும். அதுவரை அவள் பெயரைத் தொடாதீர்கள்,” என்றேன். அருகிலிருந்தவர்கள் என்னை ஒதுக்கி அழைத்துப் போகப் பார்த்தார்கள். நான் போகவில்லை.

அங்கே பேசியவர்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். செலீனுக்குப் பொறுமையே கிடையாது. விடை வராத கணக்கை அவரால் மூடிவைக்க முடியாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் குணத்தைத்தான்.

பாதை திறந்த பிறகு நான் அந்த மருத்துவமனைக்குப் போனேன். “தண்ணீர் வந்ததா?” என்றேன்.

வாசலில் இருந்த பணியாளர் எழுந்து நின்றார். “இன்னும் இல்லீங்கம்மா. டீச்சரே போயிட்டாங்க. இனி யாருக்குங்க?”

காபித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போகும் பெண்ணை அவருக்கும் தெரியும்.

“தலைச்சோலைப் பழனியம்மாளுக்கு,” என்றேன். “அடுத்த வாரமும் வந்து கேட்பேன்.”