வாப்பா நாயைக் கட்டிப்பிடித்த நாள்

எங்கள் வயலில் நின்று மேற்கே பார்த்தால் ஒரு மலை தெரியும். காலையில் நீலமாக இருக்கும். மத்தியானத்தில் வெயிலுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கோ போய்விட்டு வந்ததுபோல மறுபடி அதே இடத்தில் நிற்கும். கல்முனையில் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மலை உண்மையானதுதானா என்றே சந்தேகம்.

உண்மைதான் என்பதற்கு வாப்பா சாட்சியாக இருந்தார். இளம் வயதில் அதில் பலமுறை ஏறியிருப்பதாகச் சொல்வார். அவருக்குக் கடைத்தெருவில் சாறனும் சீத்தைத் துணியும் விற்கிற புடவைக்கடை. வயல் அவருடைய வாப்பா வழியாக வந்தது. அங்கே வேலையெல்லாம் வயலிலேயே தங்கியிருந்த முல்லைக்காரர்தான் பார்த்தார். வாப்பா வருடத்தில் சில நாட்கள் போய் வரம்பில் குடை பிடித்து நின்றுவிட்டு வருவார். ஆனால் இராச் சோற்றுக்கு இருந்துகொண்டு அந்த மலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவர் கால் படாத பாறையே இல்லை. உச்சியில் நின்றால் கடல் தெரியும், கடலுக்கு இந்தப் பக்கம் பள்ளிவாசல் மினாரா தெரியும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கள் வீட்டுத் தென்னைகூடத் தெரியும் என்பார். உம்மா மீனில் முள்ளெடுத்து என் பீங்கானில் வைப்பார்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பெரும்போக அறுவடைக்கு நாங்கள் எல்லோரும் வயலுக்குப் போய் அங்கிருந்த குடிசையில், வாடியில், தங்கினோம். மலை அங்கே மிகவும் கிட்டவாக இருந்தது. போன நாளிலிருந்து நான் வாப்பாவை நச்சரிக்கத் தொடங்கினேன். முதலில் அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்ததும் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்க வேண்டும் என்றார். கடைசியில் உம்மாதான் அரிசி களைந்தபடி, நிமிர்ந்து பாராமலே சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் கேக்குது புள்ள. நீங்க ஏறின மலதானே, ஒருக்காக் கூட்டித்துப் போய்க் காட்டுங்களன்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். பிறகு முல்லைக்காரரைக் கூப்பிட்டு, மலையில் இப்போது என்னென்ன இருக்கிறது என்று மெதுவாக விசாரித்தார். மயிலும் உடும்பும்தான் இருக்கும், வேறொன்றும் இந்தப் பக்கம் வருவதில்லை என்று முல்லைக்காரர் சொன்னார். இன்னும் ஏதாவது சொல்ல மாட்டாரா என்பதுபோல வாப்பா நின்றார். அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வெள்ளைச் சட்டையும் சாறனும் கறுப்புக் குடையுமாக வாப்பா புறப்பட்டார். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் சுத்தா வந்தது.

சுத்தா வாடி நாய். பன்றி விரட்டுவதற்காக முல்லைக்காரர் அதை ஒரு சிங்களக் கிராமத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்திருந்தார். பெயருக்கு அர்த்தம் வெள்ளைக்காரன். நாயோ செம்மண் நிறம். எனக்குச் சிங்களம் தெரியாததால், அது மிகவும் சுத்தமான நாய் என்று நினைத்திருந்தேன். வாப்பாவுக்கு அந்தக் கருத்து இல்லை. எங்கள் மார்க்கத்தில், நாயின் ஈரம் உடம்பில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. சுத்தா கிட்டே வரும்போதெல்லாம் வாப்பா சாறனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார். அன்றும் குடையை ஓங்கித் துரத்திப் பார்த்தார். சுத்தா கொஞ்சம் தள்ளி நின்று, அவர் திரும்பியதும் தொடர்ந்து வந்தது.

மலையடியில் பனி இன்னும் கலையவில்லை. மரங்கள் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிந்தன. பாறைகளில் ஏதோ பச்சை படர்ந்திருந்தது, கையை வைத்தால் மெத்தென்று குளிர்ந்தது. எங்கிருந்தோ மயில் கூப்பிட்டது, எங்கிருந்தோ இன்னொன்று பதில் சொன்னது. பாதை பிரிகிற இடங்களில் எந்தப் பக்கம் என்று நான் கேட்பேன். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் நிற்பார். அதற்குள் சுத்தா ஒரு பக்கமாக இறங்கி நடந்துவிடும். "அதுதான்" என்பார் வாப்பா. ஒரு நாய்க்குக்கூட வாப்பா ஏறிய வழி தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மேலே போகப்போக வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு வண்ணாத்திப்பூச்சிகளும் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு எண்ண முடியாதபடி, வெள்ளையும் இளமஞ்சளுமாக, எல்லாம் ஒரே திசையில் பறந்தன. அவை ஆதம் நபியின் காலடி இருக்கிற பாவாதமலைக்குப் போகின்றன என்று வாப்பா சொன்னார். அவ்வளவு சின்ன இறகை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமா என்று கேட்டேன். அவற்றுக்கு அவசரம் இல்லையே என்றார். ஒரு பூச்சி அவருடைய தோளில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்தது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாமல் நான் நடந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அகலமான ஒரு பாறை இருந்தது. அதன் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. சுத்தா ஓடிப் போய் அதில் இறங்கிக் குடித்துவிட்டு, நனைந்த உடம்போடு எங்களிடம் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அப்படியே நின்றது. முதுகு மயிர் எழும்பியது.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த பாறை அசைந்தது. அது பாறை இல்லை. பெரிய யானை ஒன்று. அதன் கால்களுக்கிடையில் குட்டி ஒன்று நின்றது.

வாப்பா விரித்துப் பிடித்திருந்த குடையைக் கீழே போட்டார். குனிந்து சுத்தாவை அள்ளி நெஞ்சோடு கட்டிப்பிடித்து, ஒரு கையால் அதன் வாயை இறுக்கிப் பொத்தினார். அது குரைக்க எடுத்த மூச்சு அவருடைய கைக்குள்ளேயே நின்றது.

"மகள், என்ட முதுகுக்குப் பின்னால வா. கதையாத."

நான் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். விரிந்த குடை காற்றில் மெல்ல உருண்டு தண்ணீர்க் கரைக்குப் போயிருந்தது. குட்டி அதைப் பார்க்க வந்தது. தும்பிக்கையால் தொட்டது, பயந்து பின்வாங்கியது, திரும்பவும் தொட்டது. தாய் ஓரடி எங்கள் பக்கமாக வைத்து, தும்பிக்கையை உயர்த்தி, காற்றில் எங்களைத் தேடியது. சுத்தா திமிறியது. அதன் வாய்நீர் வாப்பாவின் விரல்களுக்கிடையால் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வாப்பா அசையவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் ஓதின.

வண்ணாத்திப்பூச்சிகள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. யானையின் முதுகுக்கு மேலாகவும் காதுகளுக்கு இடையாலும் அவை தங்கள் பாட்டில் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அது முடியக்கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். எனக்குப் பயம் என்ற ஒன்று அங்கே இருக்கவே இல்லை. வாப்பா முன்னால் நின்றார்.

பிறகு தாய் குட்டியைத் தும்பிக்கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. குடையை மிதித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், இரண்டும் அந்தப் பக்கச் சரிவில் இறங்கின. கொஞ்ச நேரம் மரங்கள் ஆடின. அதன் பிறகு ஒன்றுமில்லை.

வாப்பா உடனே நாயை விடவில்லை. அவர் கை தளர்ந்ததும் சுத்தா அவருடைய கழுத்தை நக்கியது. அவர் அதைத் தடுக்கவும் இல்லை. மெல்ல இறக்கி விட்டு அதன் தலையை ஒருமுறை தடவினார்.

கடல் எங்கே என்று நான் கேட்டேன். வாப்பா நாடியால் ஒரு பக்கம் காட்டினார். அங்கே இன்னும் மலைகள்தான் இருந்தன. கடல் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேன்.

இறங்கும்போது அவர் என் கையைப் பிடிக்கவில்லை. அவரில் நாயின் ஈரம் இருந்தது. வயலுக்கு வந்ததும் வாய்க்காலில் இறங்கி, சட்டையைக் கழற்றி, கரையிலிருந்து மண்ணெடுத்துக் குழைத்துக் கைகளிலும் நெஞ்சிலும் கழுத்திலும் பூசினார். சுத்தா வரம்பில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மனம் நோகுமே என்று எனக்குக் கவலை. ஓதப்பள்ளியில் படித்ததைக் காட்டுவதற்காக நான் சத்தமாக எண்ணினேன். மண்ணோடு ஒன்று. வெறும் தண்ணீரில் இரண்டு, மூன்று, நான்கு.

ஏழு முடிந்தது. வாப்பா எழும்பவில்லை. கைகளைத் தண்ணீருக்குள் விட்டபடி குந்தியிருந்தார்.

"வாப்பா, ஏழு முடிஞ்சி."

"ஓம் மகள். இன்னுங் கொஞ்சம்."

சட்டையை எடுப்பதற்காக ஒருமுறை கைகளை வெளியே எடுத்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டையைப் பிடிக்க முடியாமல் மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். இவ்வளவு குளிரா என்று நானும் கரையில் இருந்து கையை நனைத்துப் பார்த்தேன். மத்தியான வெயிலில் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அது பெரியவர்களுக்கு மட்டும் குளிர்கிற தண்ணீர் போலும் என்று நினைத்துக்கொண்டு, எட்டு, ஒன்பது என்று அவருக்காகத் தொடர்ந்து எண்ணினேன்.