எஸ்தர் டீச்சரும் ஒரு சுணைச்செடியும்

பந்தல்குடி தாண்டி லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தபோது எஸ்தர் டீச்சரின் மகள் ஜெபா போனில் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போயிட்டாக. காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்தவுக, அப்படியே..." எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரிடம் சொல்வது என்ற பயம்தான் முதலில் வந்தது. ஆறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, எஸ்தர் டீச்சரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளியில் அவர் தாவரவியல், நான் தமிழ். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் செடிகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். வெயிலில் அலைவது அவர்; தமிழ்ச்சொல் தேடுவதும் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவதும் நான். 'ஹிஸ்பிட்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டோம். லத்தீனிலிருந்து வந்தது, சொரசொரப்பான முடி உடையது என்று பொருள். நான் 'வன்மயிர் செறிந்த' என்று எழுதிக் கொடுத்தேன். "ஏன் புலவரே, இதப் படிச்சா ஆடு மேய்க்கிறவுக ஓடிப்போயிருவாக" என்று சிரித்தார்.

எம்.ரெட்டியபட்டியில் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைத் தடுத்தார். "உள்ள வராதீக டீச்சர், சொணை அரிச்சுத் தள்ளிரும்." இலையில் இருக்கும், தொட்டால் அரிக்கும் மென்முடியைத்தான் அப்படிச் சொன்னார். டீச்சர் நின்ற இடத்திலேயே நோட்டைத் திறந்தார். எழுத்தில் 'சுணை' என்றுதான் வரவேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டார். 'சுணையடர்ந்த' என்ற சொல் அப்படித்தான் நூலுக்குள் வந்தது. அதன்பிறகு எந்த இலையையும் முழங்கை மடிப்பில் தேய்த்துப் பார்க்காமல் அவர் எழுதியதில்லை. "கை அரிச்சுட்டுத்தான் எழுதணும்" என்பார்.

கடைசிச் செடியை நரிக்குடிக் கண்மாய்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் காய்ச்சலில் கிடந்தார். அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். இலையெல்லாம் கரிசல் மண் அப்பியிருந்தது. தாள் அழுக்காகிவிடுமே என்று ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாக அழுத்தித் துடைத்தேன். மண்ணோடு மெல்லிய சுணையும் போனது எனக்குத் தெரியவில்லை. காய்ந்தபின் தடவிப் பார்த்து 'சுணையற்ற' என்று நானே எழுதி அனுப்பிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

வெளியீட்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அதே செடியின் பச்சைக் கிளையோடு எழுந்தார். "இதுல சுணை இல்லையாம். யாரு வேணும்னாலும் தொட்டுப் பாருங்க. செடியத் தொடாமலே எழுதுன புத்தகத்த எப்படி நம்புறது?"

நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழவில்லை. டீச்சர் எழுந்தார். "தப்பு என்னோடதுதான் சார். திருத்தித்தான் குடுப்பேன்." பின்வரிசையில் ஒருவர், "அப்ப மத்த செடியெல்லாம்?" என்றார். ஒவ்வோர் இலையையும் தன் கையில் தேய்த்துப் பார்த்த டீச்சர், புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுவாரம் முழுவதும் ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவால் எல்லாப் பிரதிகளையும் திருத்தினோம். ஒருநாள் துணிந்து, "டீச்சர், அந்தச் செடிய..." என்று தொடங்கினேன். "எழுதுங்க புலவரே, இன்னும் ரெண்டு கட்டு கிடக்கு" என்றார். கோழை நான், அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெபா செடித்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்தாள். "ஒங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லிருந்தாக மாமா." மேலேயே அந்தச் செடி இருந்தது. தாளின் ஓரத்தில் டீச்சரின் கையெழுத்து. கூட்டத்துக்கு மறுநாள் தேதி. 'இலைகள் துடைக்கப்பட்டுள்ளன. சுணை உதிர்ந்துவிட்டது. துடைத்தவர்:' அதன்பின் எதுவும் எழுதவில்லை.

பேனாவை எடுத்து அங்கே என் பெயரை எழுதினேன். அவருடைய நினைவாக அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.