மூலியோமின் நாக்கு

மூலியோமுக்கு முதலில் அரிக்கத் தொடங்கியது உள்ளங்கால்தான். செருப்பைக் கழற்றித் தக்காளி வயலின் வரப்பில் தேய்த்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கை அரித்தது, பிறகு முதுகு. தடிப்பும் இல்லை, கொப்புளமும் இல்லை. தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொழுகையில் நிற்கும்போதுகூட ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். புது சோப்புதான் காரணம் என்றார். மனைவி ரபியத்து சோப்பை மாற்றினாள். பாயில் எறும்பு என்றார். பாயை வெந்நீரில் அலசிக் காயப்போட்டாள். அரிப்பு போகவில்லை.

ஃபும்போட் ஊரில் தக்காளி போட்ட எவருக்கும் மூலியோமைத் தெரியும். கூலிக்குப் பயிர் மருந்து அடிக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் கலவை சரியா என்று பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். சந்தையில் பெரிய கேனை உடைத்துத் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி விற்பார்கள். எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்று விற்கிறவனுக்கே தெரியாது. வாளியில் கலக்கியதும் மூலியோம் நடுவிரலை முக்கி நுனிநாக்கில் வைப்பார். மிளகாய்போலச் சுருக்கென்று குத்தி, பிறகு நாக்கு மரத்துப்போனால் மருந்து சரி. குத்தவில்லையென்றால் இன்னும் ஒரு மூடி. சொல்லிவிட்டுத் துப்புவார். அப்புறம்தான் டேங்கை முதுகில் ஏற்றுவார்.

இந்தப் பேரும் மதிப்பும் அவருக்கு ஒரே நாளில் கிடைத்தது. இளவயதில் துவாலா நகரத்துக்குப் போகும் லாரிகளில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஒரு நிலக்காரரின் வயல் முழுக்கக் கருகல் நோய் விழுந்தது. எத்தனை முறை அடித்தும் கேட்கவில்லை. பெட்டி ஏற்ற வந்த மூலியோம் பாட்டிலைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இது வெறும் தண்ணீர் என்றார். நிலக்காரர் மருந்து வியாபாரியின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார். தண்ணீர்தான் என்று அவன் ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து மூலியோம் பெட்டி தூக்கவில்லை. கல்யாணம், வீடு, மகள் ஜெனாபுவின் படிப்பு எல்லாம் அந்த நாக்கில் வந்தவை என்று அவர் சொல்லிக்கொள்வதுண்டு. அதில் பொய் இல்லை.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. கருகலுக்குப் பயந்து எல்லாரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடித்தார்கள். மூலியோம் ஒரே காலையில் பல வயல்களுக்கு ஓடினார். சாப்பாடு இறங்கவில்லை. சோளக்களியை உருட்டி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எழுந்தாலும் நிற்க மாட்டார், வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். ஒரு நாள் வெயிலில் முகத்தை நிமிர்த்தியபோது ரபியத்து பார்த்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

சந்தையில் மரப்பட்டைக் கஷாயம் வாங்கிக் கொடுத்தாள். மஞ்சள் கூடியது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு, கையைப் பிடித்து மருத்துவ நிலையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே பெர்னதெத் என்ற நர்ஸ் ரத்தம் எடுத்தாள். ஈரல் மோசமாகியிருக்கிறது, வழக்கமாகப் பார்க்கும் தொற்று எதுவும் இல்லை என்று சில நாள் கழித்துச் சொன்னாள். குடிப்பீர்களா என்று கேட்டாள். மூலியோம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நான் தொழுகிறவன்மா. பாட்டிலைக் கையால தொட்டதில்ல."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். என்ன வேலை பாக்குறீங்க?"

"தக்காளிக்கு மருந்து அடிக்கிறேன்."

"முகத்துக்குத் துணி கட்டுவீங்களா?"

கட்டுவேன் என்றார். அது பாதி உண்மை. ரபியத்து குறுக்கிட்டு, "கலக்கினதும் நாக்குல வச்சுப் பாப்பாருங்க. தினமும்," என்றாள். பெர்னதெத் எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உறுதியாகச் சொல்ல பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும், ஆனால் இன்றோடு மருந்துப் பக்கமே போகக்கூடாது, போனால் ஈரல் தாங்காது என்று நிதானமாகச் சொன்னாள்.

வழியெல்லாம் மூலியோம் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தார். வீட்டு வாசலில்தான் வெடித்தார்.

"என்னை அந்தப் பொண்ணு முன்னால முட்டாளாக்கிட்டே."

"நாக்குல விஷம் வைக்கிறது புத்திசாலித்தனமா?"

"நான் முழுங்குறேனா? துப்பிடுறேன்ல? ரமலான்ல நீ குழம்புல உப்பு பாத்துட்டுத் துப்புறியே, நோன்பு முறியுதா? துப்பினது உள்ள போகாதுன்னு உனக்கும் தெரியும், இமாமுக்கும் தெரியும். அந்த நர்ஸுக்குத்தான் தெரியல."

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ரமலானிலும் ரபியத்து அப்படித்தான் உப்புப் பார்க்கிறாள். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அந்த விதியில் எங்கே ஓட்டை என்று தெரியாமல் இரண்டு நாள் மனதுக்குள் போட்டுப் புரட்டினாள். அவர் அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் அவளும் பின்னாலேயே போனாள். ஞிக்காம் என்பவனின் வயல். வாயாடி, ஆனால் நல்லவன். வாளியில் கலக்கி வைத்துக் காத்திருந்தான்.

"வாங்கண்ணே. அண்ணியும் வந்தாச்சா? இன்னைக்கு எனக்கு ரெண்டு மேஸ்திரியா?"

மூலியோம் வாளியை நோக்கிக் குனிவதற்குள் ரபியத்து முந்திக்கொண்டாள். நடுவிரலை முக்கி எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"நீங்க வச்சா உள்ள போகாதுல்ல. எனக்கும் போகாது. நானும் துப்பிடுறேன்." விரலை வாயருகே கொண்டுபோனாள்.

அவர் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டார். தடுமாறி வரப்பில் விழுந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வாய்க்காலில் அந்தக் கையை அமுக்கித் தேய்த்தார். மண்ணைப் போட்டுத் தேய்த்தார். நகக்கண்ணில் இருக்கும் என்று ஒவ்வொரு விரலாகக் கழுவினார். வலிக்கிறது என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. வாயில் பட்டதா, சொல்லு, பட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். படவில்லை என்றாள். அப்புறமும் கழுவினார்.

கழுவி முடித்தபின் எழுந்திருக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞிக்காம் வாளியோடு பக்கத்தில் வந்தான். "அண்ணே, கலவை? வெயில் ஏறுது."

"எனக்குத் தெரியாதுடா," என்றார் மூலியோம்.

அதன்பிறகு அவர் வயலுக்குப் போகவில்லை. சந்தையில் ரபியத்துவின் தக்காளிக் கூறுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்குத்தான். எழுவார், கூறுகளைக் கலைத்து அடுக்குவார், பேரம் பேசுகிறவர்களிடம் சண்டைக்குப் போவார். கலவை பார்க்கக் கூப்பிட வந்தவர்களை விரட்டினார். சும்மாவாவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சிய ஒருவரின் பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். ரபியத்து அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தாள். ஆனால் அன்று அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைப் பக்கத்துக் கடைக்காரிகள் பார்த்தார்கள்.

சில மாதங்கள் கண்ணின் மஞ்சள் குறைந்திருந்தது. குணமாகிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள், அவரும்தான். பெரிய ஆஸ்பத்திரியில், நிறுத்தியது நல்லது, முன்னமே நிறுத்தியிருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். மழை நின்று காற்றில் தூசி பறக்கத் தொடங்கியபோது வயிறு வீங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜெனாபு மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவர் கண்ணை மூடினார். அத்தனை மாதத்தில் அன்றுதான் கைகால் அசையாமல் கிடந்தார்.

ஏழாம் நாள் துஆப் பிரார்த்தனைக்கு வயல்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இனி கலவை சரியா என்று யார் பார்த்துச் சொல்வார்கள் என்று ஞிக்காம் துக்கத்தோடுதான் கேட்டான். களித் தட்டோடு வந்த ரபியத்து நின்றாள்.

"யாரும் பாக்க வேணாம் தம்பி," என்றாள். "சீட்டு ஒட்டின டப்பாவா வாங்கு, எத்தனை மூடின்னு அதுலயே போட்டிருக்கும். படிக்கத் தெரியலைன்னா ஜெனாபுகிட்ட கொண்டுவா. அவ படிச்சுச் சொல்லுவா." தட்டை அவன் முன்னால் வைத்தாள். "சாப்பிடு. அதுக்கு முன்னால கையைக் கழுவிட்டு வா."